அறிய அஞ்சுதல் அறமாகுமா?

அச்சங்களுள் மதிப்புக்குரியவை என்றும் நகைப்புக்குரியவை என்றும் மக்கள் வகுத்து வைத்திருக்கின்றனர். புயலுக்கு அஞ்சிக் கரை திரும்பிய தோணிக்காரரை எவரும் எள்ளுவதில்லை. அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர் கலங்கினால் உற்றார் தோளில் கைவைத்துத் தேற்றுகின்றனர். ஆயின், விரல் நுனியில் ஒரு சொட்டுக் குருதி எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டியவர் கை நடுங்கித் தயங்கினால், "இதற்கா இவ்வளவு பயம்?" என்று வீட்டுச் சிறுவரும் சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்புக்கு நாணி, அவர் தம் அச்சத்தை மறைத்துக் கொள்கிறார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார். நாளை மறுநாளாகிறது. மகன் ஆசையோடு வாங்கித் தந்த மீட்டர் அலமாரியில் உறங்குகிறது. ஸ்ட்ரிப்புகளின் காலக்கெடு ஓசையின்றி முடிந்து போகிறது.

இந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்குவது முறையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பேராய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. நம் உறவினருள் இந்நோய் இல்லாத குடும்பத்தைத் தேடிக் காண்பதே அரிது. ஆகவே, இந்தச் சிறிய ஊசியின் முன் நிற்கும் அச்சம் யாது, அதனை வெல்லுதல் எங்ஙனம், வெல்லாது விடுதல் நமக்கு உரிமையா, பிழையா என்பவற்றை ஆராய்வது வீண் வேலையாகாது.

முதற்கண், அச்சம் ஒன்றன்று. இரண்டு என்பதை உணர்தல் வேண்டும். ஒன்று ஊசியைப் பற்றியது. மற்றொன்று, ஊசிக்குப் பின் மீட்டரில் தோன்றும் எண்ணைப் பற்றியது. இவ்விரண்டும் ஒரே முகமூடி அணிந்து வருவதால் ஒன்றை மற்றொன்றாக மயங்குகிறோம்.

ஊசியின் அச்சம்

ஊசி அச்சம் கோழைத்தனத்தின் அடையாளம் அன்று. பாம்பைக் கண்டு அஞ்சுபவருக்கு நெஞ்சு படபடக்கும். குருதி அழுத்தம் ஏறும். அவர் மயங்கி வீழ்வது அரிது. குருதியையும் ஊசியையும் கண்டு அஞ்சுவோர் சிலருக்கோ முதலில் ஏறிய அழுத்தம் திடீரென இறங்குகிறது, மூளைக்குச் செல்லும் குருதி குறைகிறது, கண் இருள்கிறது, தலை சுற்றுகிறது. இஃது உடலின் தன்மை. மன உறுதி மிக்க ஆடவரும் இதற்கு ஆளாவர். குடும்ப வழியாக இத்தன்மை தொடர்வதும் உண்டு. எனவே, "மனத்தைத் திடப்படுத்திக் கொள்" என்ற அறிவுரை மட்டும் இவர்களுக்குப் போதாது.

இவர்களுக்கென ஓர் எளிய பயிற்சி உண்டு. ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர் லார்ஸ் யோரான் ஊஸ்ட் என்பவர் 1980களில் இதனை முறைப்படுத்தினார். அமர்ந்த நிலையில் கை, கால், உடல் ஆகியவற்றின் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்க வேண்டும். முகத்தில் சூடு பரவுவது தெரியும். பின்னர்த் தளர்த்தி, இருபது முப்பது நொடிகள் இயல்பாக இருக்க வேண்டும். இவ்வாறு ஐந்து முறை செய்தால் இறங்க முனையும் அழுத்தம் இறங்காது, மயக்கம் அணுகாது. குத்தும் நேரத்தில் குத்தப்படும் கையை மட்டும் தளர விட்டால் போதும்.

மயக்கம் இல்லாது வலிக்கு மட்டும் அஞ்சுவோருக்குச் செய்முறையிலேயே மருந்து இருக்கிறது. விரலின் நடுச் சதையில் குத்துவதைவிடப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. குத்தும் கருவியில் ஆழத்தைக் குறிக்கும் எண்கள் உள்ளன. மிகக் குறைந்த எண்ணிலிருந்து தொடங்கி, போதிய குருதி வராவிட்டால் மட்டுமே ஒவ்வொன்றாக உயர்த்த வேண்டும். ஒரே விரலை நாள்தோறும் வதைக்காமல் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். வெந்நீரிலும் சோப்பிலும் கைகழுவி, நன்கு துடைத்து, கையைச் சற்றுக் கீழே தொங்கவிட்டால் குருதி தானே நுனிக்கு வந்து சேரும். விரலைப் பிசைந்து பிழிய வேண்டுவதில்லை. கைகழுவுதல் தூய்மைக்காக மட்டும் அன்று. மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணைப் பன்மடங்கு உயர்த்திக் காட்டி, இல்லாத நோயைச் சொல்லிவிடும். ஊசியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவதே முறை. மழுங்கிய ஊசி மிகுதியாக நோகும். ஒருவர் ஊசியையோ குத்தும் கருவியையோ, கணவன் மனைவியே ஆயினும், மற்றவர் பயன்படுத்தலாகாது. குருதி வழிப் பரவும் மஞ்சள் காமாலை போன்ற நோய்களுக்கு அது கதவு திறந்து விடும்.

அச்சத்தைப் படிப்படியாகக் குறைப்பதும் அறிவுடைமையே. முதல் நாள் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தல். மறுநாள் ஊசியின்றி அதனை இயக்கி அதன் ஓசையைப் பழகுதல். அடுத்து, மனத்திற்கு நெருக்கமானவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு குத்துதல். நீச்சல் கற்பவர் முதல் நாளே நடுக்கடலில் குதிப்பதில்லை அன்றோ?

ஊசி சிறுத்தும் அச்சம் சிறுக்கவில்லை

இத்துணை எளிதாயின், ஊசி நோகாத அளவுக்குச் சிறுத்த பின்னும் மக்கள் ஏன் தயங்குகின்றனர்? இங்குதான் இரண்டாம் அச்சம் முகம் காட்டுகிறது. அதன் வேரைக் காண வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

நீரிழிவை மனிதன் முதலில் அறிந்தது எறும்பின் துணையால். சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பண்டைய இந்திய மருத்துவர் கண்டு குறித்தனர். பதினோராம் நூற்றாண்டில் மறைந்த இப்னு சீனா தம் மருத்துவப் பெருநூலில் இந்நோயின் குறிகளை விரித்துரைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலறிஞர் பெனடிக்ட் ஒரு நீலக் கரைசலை அமைத்தார். அதனோடு எட்டுச் சொட்டுச் சிறுநீர் கலந்து காய்ச்சினால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். நம் வீடுகளிலும் ஸ்பிரிட் விளக்கின் மேல் கண்ணாடிக் குழாயைப் பிடித்து நிறம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. எனினும், குருதியில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே பெரும்பாலோருக்கு அது சிறுநீரில் தோன்றும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்திய செய்தி. குறைந்துபோன சர்க்கரையைப் பற்றி அந்நிறம் ஒன்றும் உரைக்காது.

குருதியை நேரடியாகப் பார்க்கும் கருவி வந்தபோது அது மருத்துவமனைக்கென்றே கருதப்பட்டது. 12ஆம் வயதிலிருந்து நீரிழிவுடன் வாழ்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969இல் அக்கருவியை வாங்க விரும்பினார். நோயாளிக்கு விற்பதில்லை என்பது அந்நாளைய வழக்கம். அவர் மனைவி மருத்துவராதலின், அவர் பெயரில் 650 டாலர் கொடுத்து வாங்கினார். நாள்தோறும் பலமுறை தம் குருதியைப் பார்த்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப அமைத்துக் கொண்டார். பொறியாளர் சொல்லை மருத்துவ உலகம் ஏற்கத் தயங்கவே, 45ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவராகவே ஆனார். 2025இல் தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

நோயாளி தன் நிலையைத் தானே அறிதல் ஆகாது என்றிருந்த காலம் அது. அறியும் உரிமையை ஒருவர் போராடிப் பெற்றார். இன்று அவ்வுரிமை கடைத்தெருவில் கிடைக்கிறது. நாமோ அதனை அலமாரியில் பூட்டி வைக்கிறோம். ஏன்? முன்னாளில் மாதம் ஒருமுறை மருத்துவர் வாயிலிருந்து செய்தி வந்தது. இன்று சொல்பவரும் நாமே, கேட்பவரும் நாமே. தேர்வு எழுதியவனே விடைத்தாளையும் திருத்த வேண்டிய நிலை. இன்று கைப்புறத்தில் ஒட்டிக்கொண்டு இடைவிடாது சர்க்கரையைக் காட்டும் உணரிகளும் வந்துவிட்டன. அன்றாடம் குத்தும் தொல்லை பெரும்பாலும் நீங்கிற்று. ஆயினும், அதனை அணிந்துகொண்டு எண்ணைப் பாராமல் முகம் திருப்புவோர் இருக்கின்றனர். ஊசி நீங்கியும் அச்சம் நீங்கவில்லை எனின், அஞ்சியது ஊசிக்கு அன்று. எண்ணுக்கே என்பது வெளிப்படை.

சாட்சியும் நீதிபதியும்

எண்ணுக்கு ஏன் அஞ்சுகிறோம்? அதனைத் தீர்ப்பாகக் கொள்வதால். மீட்டரில் 240 என்று தோன்றியவுடன் நம் காதில் விழுவது, "நீ கட்டுப்பாடற்றவன், நாவுக்கு அடிமை" என்ற குற்றப் பத்திரிகை. ஆயின், அந்த எண் அவ்வாறு சொல்லிற்றா? இல்லை. இந்த நொடியில் இந்தக் குருதியில் இவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. காய்ச்சல் கண்டாலும் சர்க்கரை ஏறும். உறக்கம் கெட்டாலும் ஏறும். கவலை மிகுந்தாலும் ஏறும். இரவெல்லாம் ஒன்றும் உண்ணாதிருந்தும் விடியற்காலைச் சுரப்புகளால் ஏறுவதுண்டு. அன்றியும், கருவி தரும் எண்ணே துல்லியமானது அன்று. 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர விதி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 15 பங்கு கூடவோ குறையவோ காட்டுவதை அனுமதிக்கிறது. 160 என்று காட்டுவது 140ஆகவும் இருக்கலாம், 180ஆகவும் இருக்கலாம். இத்தகைய ஒன்றைச் சாட்சியாகக் கொள்ளலாம். பல நாள் சாட்சியங்களைச் சேர்த்து உண்மையை உணரலாம். நீதிபதியின் ஆசனத்தில் அதனை ஏற்றுவதே நாம் செய்யும் தவறு.

நம் மொழி இதனை நமக்கு முன்பே உணர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலிய நாட்டு நீரிழிவு அமைப்பு 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, குருதிச் சர்க்கரையைத் 'தேர்வு செய்தல்' எனும் பொருள்படும் சொல்லைத் தவிர்க்க அறிவுறுத்தியது. தேர்வு என்றால் தேறுதலும் தோற்றலும் உடன் வரும் என்பது அதன் கருத்து. நம்மிடையேயும் 'சோதனை' என்ற சொல் துன்பத்தையும் குறிக்கிறது. இறைவன் அடியாரைச் சோதிப்பதையும் குறிக்கிறது. அச்சொல்லோடு கருவியைத் தொடுபவர் நெஞ்சு நடுங்குவது இயல்பே. ஆனால், வீட்டில் நம் பெண்மக்கள் எப்படிப் பேசுகின்றனர்? "சர்க்கரை பார்த்தீர்களா?" என்றே கேட்கின்றனர். நாடி பார்த்தல், கணக்குப் பார்த்தல், பிறை பார்த்தல் போன்றதொரு பார்த்தல் அது. பிறையைப் பார்ப்பவர் பிறையை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காண்கிறார், கண்டபின் ஆவன செய்கிறார்.

வணிகம் செய்வோர் நம்முள் பலர். கடையில் நட்டம் வந்திருக்குமோ என்று அஞ்சிப் பேரேட்டைத் திறக்காத வணிகரை நாம் என்ன சொல்வோம்? ஏட்டை மூடி வைத்ததால் நட்டம் குறைந்ததா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? ஐந்தொகை போடுவது கடைக்காரரை அவமானப்படுத்தவன்று. அடுத்த கொள்முதலைத் திருத்திக் கொள்ளவே. அதுபோல், பகலுணவுக்குப் பின் எண் மிகுதியாயின், நாளைச் சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டலாம். உண்டபின் சிறிது நடக்கலாம். மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்கலாம். இந்தக் கேள்விகளை எழுப்பாத எண்ணால் பயனில்லை. எனவேதான், எத்தனை முறை பார்ப்பது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். இன்சுலின் போடுவோர் அடிக்கடி பார்க்க வேண்டும். சில மாத்திரைகள் மட்டும் உண்போருக்கு நாள்தோறும் வேண்டுவதில்லை. ஸ்ட்ரிப் விலையும் ஏழை எளியவருக்குச் சுமையே. இதனை மருத்துவரோடு பேசி முடிவு செய்வதே சிறப்பு.

தெரியாமலிருக்கும் உரிமை

"என் உடல், நான் அறியாமலிருக்க எனக்கு உரிமை இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. தனித்த மனிதர் ஒருவருக்கு அவ்வுரிமை இருப்பதாகவே வைத்துக் கொள்வோம். நம்முள் தனித்த மனிதர் யார்? 1993இல் முடிவு வெளியான, 1441 பேர் பங்கேற்ற அமெரிக்க, கனடிய ஆய்வு, இளமையில் வரும் வகை நீரிழிவில் சர்க்கரையை நெருங்கிக் கண்காணித்து ஆண்டவர்களுக்குக் கண் நோய் தோன்றும் இடர் நூற்றுக்கு 76 பங்கு குறைந்ததைக் காட்டிற்று. கண் போனபின் கைப்பிடித்து நடத்துபவர் யார்? சிறுநீரகம் பழுதுபட்டபின் வாரந்தோறும் மருத்துவமனையில் காத்திருப்பவர் யார்? நாம் அறிய மறுத்ததன் விலையை மனைவியும் மக்களுமே செலுத்துகின்றனர். உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம் என்று நம்புகிறவர்களுக்கு இது இன்னும் தெளிவு. பிறர் பொருளைப் பாதுகாக்க ஏற்றவர் அதனைத் திறந்து பார்க்கவும் அஞ்சினால், பாதுகாப்பது எங்ஙனம்?

அறிய மறுப்பதினும் கொடியது, அறிந்ததை மறைப்பது. மருத்துவரிடம் செல்லும் முதல் நாள் இரவு குறிப்பேட்டில் அழகான எண்களை எழுதி நிரப்புவோர் உண்டு. மருத்துவர் அதனை நம்பி மருந்தின் அளவை வகுப்பார். பொய்க் கணக்கின் மேல் வகுத்த மருந்து ஒருநாள் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கலாம். ஏற வேண்டிய மருந்து ஏறாமலும் போகலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் குருதி ஆய்வு எப்படியும் உண்மையைச் சொல்லிவிடும். ஆயினும், பொய் எழுதியவரை நோக்கி விரல் நீட்டுமுன் ஒன்று கேட்போம்: அவரைப் பொய் எழுதத் தூண்டியவர் யார்?

குடும்பத்தின் கடமை

பெரும்பாலும் நாமேதான். "240ஆ? கல்யாண வீட்டில் என்ன வாப்பா சாப்பிட்டீர்கள்?" என்று மகள் கேட்கிறாள். "நான் அப்போதே சொன்னேனே" என்று உம்மா சமையற்கட்டிலிருந்து குரல் கொடுக்கிறார். மருமகன் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார். அன்புதான் அவ்வளவும். ஆனால், அன்பு நீதிமன்ற உடை உடுத்தி வந்தால் அதனை அன்பென்று அடையாளம் காண முடிவதில்லை. மறுநாள் வாப்பா சர்க்கரை பார்ப்பதை நிறுத்தி விடுகிறார்; அல்லது பார்த்துவிட்டு, "சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார். இவ்வாறு ஒரு வீட்டில் உண்மை வெளியேறுகிறது. நோய் உள்ளே நிலைக்கிறது.

எண்ணைக் கண்டதும் காரணம் கேட்காதிருப்பது அரிய பண்பு. "சரி, பார்த்து விட்டீர்கள், நல்லதாயிற்று. இப்போது என்ன செய்யலாம்?" என்ற ஒரு சொல் நூறு அறிவுரைக்கு மேல். பார்த்ததற்காகப் பாராட்டுவோம், எண்ணுக்காகப் பழியாதிருப்போம். எண் 70க்குக் கீழ் இறங்கி, வியர்வையும் நடுக்கமும் கண்டால் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அந்த வேளையில் மீட்டர் வீட்டில் இருந்தும் எவருக்கும் இயக்கத் தெரியாது என்பது வருந்தத்தக்கது. வீட்டில் ஒருவரேனும் அதனைக் கற்றிருத்தல் கடமை.

ஆண்டுதோறும் நம் இல்லங்களில் எழும் ஐயம் ஒன்றையும் இங்கே தொட்டாக வேண்டும். நோன்பு நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சி, சர்க்கரை பார்ப்பது மிகவும் தேவையான ரமளானிலேயே கருவியை எடுத்து வைத்து விடுவோர் உண்டு. பார்ப்பதற்காக ஒரு சொட்டுக் குருதி எடுப்பது நோன்பை முறிக்காது என்பதே மார்க்க அறிஞர் பலரின் கருத்து. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த ரமளான் வழிகாட்டியும் இதனையே வலியுறுத்துகிறது. சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலும், 300க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்றும் அது கூறுகிறது. நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்த திருமறை, அச்சலுகை தமக்குரியதா என்று அறியாமலிருப்பதையா விரும்பும்? ரமளான் வருவதற்கு ஓரிரு மாதங்கள் முன்பே மருத்துவரையும் ஆலிமையும் கலந்து கொள்வது நன்று.

வீரம் என்பது அச்சமின்மை அன்று. அஞ்சியவாறே செய்ய வேண்டியதைச் செய்தல். போர்க்கள வீரத்துக்கு முரசு உண்டு, பரணி உண்டு. விடியற்காலையில் விளக்கடியில் தனித்தமர்ந்து, விரலில் ஊசி வைத்து, வருவது எதுவாயினும் காண்பேன் என்று துணிபவருக்கு முரசு இல்லை, பார்ப்பவரும் இல்லை. ஆனால், அத்துணிவு நாளை மீண்டும் வேண்டும், மறுநாளும் வேண்டும். அத்தகையவர் நம் வீட்டில் இருப்பின், அவர் கை நடுங்குவதைக் கண்டு நகையாதிருப்போம். அருகில் அமர்வோம். எண் தோன்றியதும் தீர்ப்புச் சொல்லாது, அதனை ஏட்டில் குறித்து, மேல் நடக்க வேண்டியதை அவரோடு சேர்ந்து எண்ணுவோமாக!